சுடுதண்ணீரில் பிறந்த விரிப்பு

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கைவினைக் கண்காட்சி. மண்டபத்தின் நடுச்சுவரில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், ஒரு விரிப்புத் தொங்கியது. அதைப் பார்த்த நம்மவர் ஒருவர் மெதுவாக என் காதுக்குள் கேட்டார்.

"அண்ணை, உந்தக் கால்மிதியை ஏன் சுவரிலை கொழுவி வைச்சிருக்கினம்?"

கால்மிதியா? அது என் மனைவி யோகா தைத்தது ஐயா!

கோபம் வந்தது. ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. அதன் பெயர் 'பெனி றக்'. றக் என்றால் தரையில் போடுவது என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? இது மேசைமேலும் கட்டில்மேலும் விரிக்கிற சாமான். கால் படவே கூடாது.

கதை போன பனிக்காலத்தில் தொடங்குகிறது. யோகாவின் தம்பி தவம் எங்களோடுதான் இருக்கிறான். முதல் சம்பளத்தில் ஒரு சிவப்புக் கம்பளி சுவெட்டர் வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் அவன் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! யோகா அதை எங்கள் கட்டிடத்து லோண்ட்ரி அறையில், துவாய்களோடு சேர்த்து, நல்ல சுடுதண்ணீரில் தோய்த்துவிட்டாள். சூட்டில் தோய்த்தால்தானே ஊத்தை போகும்? வெயிலில் வளர்ந்த நமக்குக் கம்பளியின் குணம் எங்கே தெரியும்...

வெளியே எடுத்தபோது அது ஒரு பாலர் வகுப்புப் பிள்ளைக்குத்தான் அளவு. தவம் கொஞ்ச நாள் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

யோகா அதை லோண்ட்ரி அறைக் குப்பைத் தொட்டியில் போடப் போனாள். அங்கே துணி மடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு மாகிரட் பாய்ந்து தடுத்தாளாம். "எறியாதே! இப்படிச் சுருங்குவதற்காகவே நாங்கள் பெனி றக் தைக்கிற கம்பளியைக் கொதிக்க வைப்போம்!"

சுருங்கி இறுகிய கம்பளியை எப்படி வெட்டினாலும் ஓரம் நூல் பிரியாது. பெனி றக்கின் அடிப்படையே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெண்கள் கிழிந்த கோட்டையும் பழைய போர்வையையும் எடுத்து, மேலே பெனி என்கிற ஒரு சதக் காசை வைத்து, சுற்றி வரைந்து வட்டம் வட்டமாக வெட்டினார்கள். சிறிய வட்டம், அதன் கீழ் பெரியது, அதற்கும் கீழ் இன்னும் பெரியது... விளிம்பைச் சுற்றித் தைத்துச் சாக்குத் துணியில் பொருத்தினால் விரிப்பு. கழித்துப் போட்டதிலிருந்து பிறந்த அழகு!

அந்த விளிம்புத் தையலை யோகாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற் தையல் வகுப்பிலேயே கை பழகிவிட்டது. உள்வட்டத்துக்குக் கனடாவின் ஒரு சத நாணயக் குற்றி. நடு வட்டத்துக்கு, கைப்பையின் மூலையில் சும்மா கிடந்த இலங்கை இரண்டு ரூபாய்க் குற்றி. வெளிவட்டத்துக்கு ஊறுகாய்ப் போத்தல் மூடி. தவத்தின் சிவப்பு எல்லா வட்டத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

அதைக் கண்காட்சிக்குக் கொடுக்கப் போன இடத்தில்தான் சிக்கல். "மிக அழகு," என்றார் அமைப்பாளர் அம்மா, சிரித்த முகத்தோடு. "ஆனால் இந்தச் சுவர் கனடாவின் மரபுக் கைவினைக்கு. அந்த மூலையில் பிற நாட்டுப் பொருள்களுக்கு ஒரு மேசை இருக்கிறது. அங்கே வைக்கலாமே?"

எனக்கு முகம் கறுத்துவிட்டது. "வாரும், போவம்," என்று யோகாவின் கையைப் பிடித்தேன்.

அவள் அசையவில்லை. அவளுடைய ஆங்கிலம் கொஞ்சம் தடக்கும். அன்றைக்கும் தடக்கியது. ஆனால் நிற்கவில்லை.

"எங்கள் ஊரில் கம்பளி போடுகிற குளிர் கிடையாது. இது இந்த நாட்டுக் குளிருக்கு, இந்த நாட்டில் வாங்கிய சுவெட்டர். இந்த நாட்டு மெஷினில்தான் சுருங்கியது. அந்தக் காலத்துப் பெண்களும் வீட்டில் பழுதாய்ப் போனதை வைத்துத்தானே இதைத் தைத்தார்கள்? நானும் அதைத்தான் செய்தேன். இதை எந்த மேசைக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள்?"

அந்த அம்மா விரிப்பைக் கையில் வாங்கினார். முன்புறம் பார்த்தார், பின்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு தானே ஏணியை இழுத்து வந்து நடுச்சுவரில் கொழுவினார்.

எனக்கு அப்போது வந்த பெருமையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? வந்த நாட்டில் ஒரு மூலை கிடைத்தாலே போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நடுச்சுவரைக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வருகிறது? வாரம் தவறாமல் பத்தி எழுதுகிற எனக்கு வரவில்லை. யோகாவுக்கு வந்தது.

கால்மிதி என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்ல வாய் திறக்கு முன் தவம் குறுக்கே விழுந்தான். "அங்கிள், நடுவிலை சிவப்புத் தெரியுதெல்லே... அது என்ரை சுவெட்டர்!" கண்காட்சி முடியும்வரை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இதையேதான் சொன்னான்.

மறுநாள் காலை, இந்தப் பனிக்காலத்துக்கென்று வாங்கிய புத்தம்புது நீலச் சுவெட்டரோடு யோகா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இதையும் ஒருக்கால் சுடுதண்ணியிலை போட்டு விடுங்கோவன்!"