பத்து மீற்றரில் எத்தனை சட்டை?

நேற்று வெள்ளவத்தையில் தையற்காரரிடம் சட்டைத் துணி ஒன்று கொடுத்தேன். பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அந்த ஒன்றேகால் மீற்றர் துணிதான். நனைத்துக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை மேசையில் விரித்தார். விளிம்புக்கு அப்பால், வெறும் மேசையில் நாலு விரலை வைத்துக் காட்டினார். "சுருங்கிட்டுது பிள்ளை. இவ்வளவு காணாது."

அந்த நாலு விரலைப் பார்த்ததும் எனக்குப் புதுத்துணியின் கஞ்சி மணம் வந்துவிட்டது. நம்புங்கள், கொட்டாஞ்சேனையின் மத்தியான மணமே அதுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். மதியத்தில் ஆட்கள் வரமாட்டார்கள். மின்விசிறி தூங்கித் தூங்கிச் சுற்றும், தேவாலய மணி எங்கோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோலக் கேட்கும். வெட்டும் மேசைக்குக் கீழே நானும் தர்ஷினியும் கணக்குச் செய்துகொண்டிருப்போம்.

தர்ஷினி, துணி வெட்டும் செல்வியக்காவின் மகள். ஐந்தாம் வகுப்பு முடித்த டிசம்பர் விடுமுறை. ஜனவரி தொடக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்புக்குப் பரீட்சை. "இடம் கெடைக்காட்டி தேயிலத் தோட்டத்துக்கு, எங்கண்ணன் வீட்டுக்குத்தான் அனுப்பணும் தங்கச்சி. இவள விட்டுட்டு நான் எப்புடி இருப்பேன்?" என்று செல்வியக்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். எனக்கோ பத்தொன்பது வயது, கணிதத்தில் தலைக்கனம் வேறு. விடுவேனா?

பெருக்கல், பின்னம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு கணக்கில்தான் மல்லுக்கு நின்றாள். பத்து மீற்றர் துணியில் ஒன்றேகால் மீற்றர்த் துண்டு எத்தனை வெட்டலாம்?

"ஏழு," என்றாள்.

"எட்டுத்தானடி! வகுத்துப் பார்."

"எட்டாவதா வர்றவங்களுக்கு நாலு விரல் விடத் துணி பத்தாதுல்ல அக்கா?"

செல்வியக்கா அளந்து முடித்த இடத்தில் நாலு விரலை வைத்து, அதற்கப்பால்தான் வெட்டுவார். யாருக்கென்றாலும் அப்படித்தான். முதலாளியும் ஒன்றும் சொல்வதில்லை. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவளுக்கு ஒன்றேகால் என்றால் நாலு விரலும் சேர்த்துத்தான்.

"சோதினைத் தாளில விரல் இல்லை. எட்டெண்டு எழுது," என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். விட்டேனா? தையல் சோக்குக்கட்டியால் தரையெல்லாம் எட்டு, எட்டு என்று எழுதவைத்தேன்.

அப்படியே ஒரு கணக்கு பரீட்சையில் வந்தது. எட்டு என்று எழுதினாள், இடமும் கிடைத்தது. செல்வியக்கா என்னைக் கட்டிப்பிடித்து என் தோளையே நனைத்துவிட்டார்.

அடுத்த வாரம் பொங்கல் நெரிசல். செல்வியக்கா சாப்பிடப் போன நேரத்தில் தர்ஷினி ஒரு பத்து மீற்றர்க் கட்டுத் துணியைத் தானே வெட்டி அடுக்கிவிட்டாள். "அம்மா, எட்டும் வந்துருச்சு!"

செல்வியக்கா ஒரு துண்டை விரித்து அளந்தார். பழக்கத்தில் அளவுக்கு அப்பால் போன நாலு விரலும் வெறும் மேசையில் நின்றன.

"சரியாத்தான் வெட்டியிருக்க," என்றார், குரல் மட்டும் இறங்கியிருந்தது. நான் பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், மடைச்சி.

இப்போது அந்தக் கடையில் போன் விற்கிறார்கள். மேசையும் இல்லை, செல்வியக்காவும் மகளும் எந்தப் பக்கம் போனார்களோ தெரியவில்லை. கொழும்பு முழுக்கத் துணி என் கணக்குப்படியே சரியாக வெட்டி, பெட்டியில் வருகிறது. தைக்க முடியாத என் துணியை மடித்து எடுத்துக்கொண்டு காலி வீதியில் நடந்தேன். தர்ஷினியைக் கண்டால் ஒன்று சொல்ல வேண்டும்.

ஏழுதானடி சரி.