பழகின தண்ணீர்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு நண்டின் ஓடு இருக்கிறது. கால், கொடுக்கு, கண் எல்லாம் அப்படி அப்படியே இருப்பதால் முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒருநாள், "அக்கா, நண்டு தப்பிச்சு வந்து உக்காந்திருக்கு பாருங்க" என்று கத்தியேவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. ஊதினால் பறந்துவிடும். உள்ளே இருந்த நண்டைப் பொரித்துத் தின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. தாளிக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் துடைத்து வைக்கிறேனே தவிர, தூக்கிப்போட மனம் வரவில்லை. துடைப்பதும் ஒரு வேலைதான். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற வேலைகளோடு அதுவும் ஒன்று.

அந்த நண்டை வளர்த்தவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயசிலேயே கணவரை இழந்து, கடற்கரைப் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலைக்குப் போனவர். தானாகப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்று இருக்கிற நண்டைப் பொறுக்கியெடுத்து ஐஸில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. வருஷக்கணக்கில் ஈரத் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒருநாள் இரண்டு பைகளோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, இனி அங்க போகலடா" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது அலுப்பான காலம். தனியார் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு, தொண்டை கிழியக் கத்திவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, உலை வைக்க வேண்டும். இதில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து வடிப்பதா என்று உள்ளுக்குள் முணுமுணுத்தேன், பொய் சொல்லுவானேன். ஆனால் மதினி எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டார். சாப்பிட்ட தட்டை அந்த ஈரம் காயும் முன்னே கழுவிக் கவிழ்த்துவிடுவார். தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் நன்றாக இருந்தாலும் ஒரு கரண்டிதான். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க மதினி" என்றால், "போதும்த்தா, வயித்துக்குத்தான திங்கிறோம்" என்பார். ஒருநாள் தாங்காமல், இது உங்கள் தம்பி வீடுதானே என்று கேட்டுவிட்டேன். "தம்பி வீடாவே இருக்கட்டும் டீச்சரு. இன்னொருத்தி பொங்கிப் போடுற சோறு இன்னொருத்தி சோறுதேன். எனக்குன்னு ஒரு தொழிலு இங்கனயே இருந்தா, நானும் கேட்டு வாங்கித் திம்பேன்" என்றார்.

தொழில் என்று அவர் நினைத்து வைத்திருந்தது நண்டுதான். கடல் எங்கே, திண்டுக்கல் எங்கே! என் கணவர் கேட்டதும் சிரித்துவிட்டார். பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஒரு காரியம் சாவி போட்டால் திறக்க வேண்டும், இல்லையென்றால் அது காரியமே இல்லை என்று நினைக்கிற ஆள். "அக்கா, ஊரு சிரிக்கும். பூட்டு வேணும்னா இங்க வருவாங்க, பிரியாணி வேணும்னா வருவாங்க. நண்டுக்கு எவன் வருவான்?" என்றார். மதினியோ, கொடைக்கானல் போகிற ரோட்டில் ஓர் ஓட்டல்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஓட்டோடு கடித்துத் தின்கிற மெத்து நண்டு வேண்டும், தொடர்ந்து கொடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்தான் மதினி கையில் இருந்த முதல்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே தொட்டி உருவானது. நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் படுக்கப் போட்டார். மேலே ஒரு சின்னத் தொட்டி. அதில் ஜல்லியும் கிளிஞ்சலும் நிரப்பி, மீன்தொட்டிக்கு வைக்கிற மோட்டாரால் தண்ணீரை மேலே ஏற்றி, கல்லுக்குள் புகுந்து வடிந்து கீழே விழும்படி செய்தார். நண்டுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனி மூடி. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். அதிலும் ஓடு கழற்றியது மற்றதற்குச் சுலபமான இரை. டப்பாக்களில் ஓட்டை போட என் கணவர்தான் பட்டறையிலிருந்து டிரில்லைக் கொண்டுவந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கடல் தண்ணீர், மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருகிற வேனில் கேன் கேனாக வந்தது. அதில் எங்கள் போர்த் தண்ணீரைப் பிடித்து ஆறவைத்துக் கலந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் நண்டே வரவில்லை. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு பில் ஏறுகிறதே என்று எனக்கு எரிச்சல். "தண்ணி பழகணும் டீச்சரு" என்றார் மதினி. கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழுவழுவென்று பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நண்டு இருக்கிற தண்ணீரில் சேரும் கழிவையெல்லாம் அந்த வழுவழுப்புதான் தின்று தீர்க்குமாம். அது போய்விட்டால் எவ்வளவு தெளிந்த தண்ணீரும் நண்டுக்கு விஷம் என்றார். நான் தலையை ஆட்டினேன். திருத்த வேண்டிய நோட்டுகள் உள்ளே கிடந்தன.

முதல் நண்டு ஓடு கழற்றிய காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "டீச்சரு, செத்த நேரம் வந்துட்டுப் போ" என்று அடிக்குரலில் கூப்பிட்டார். நண்டின் முதுகுக்குப் பின்னால் ஓடு வாய் பிளந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக, இன்னொரு நண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தது. ஒவ்வொரு காலாக உருவுகிறது, நடுவில் சோர்ந்து நிற்கிறது, மறுபடி உருவுகிறது. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டியது. "இப்ப யாரும் கை வைக்கப்பிடாது. நல்லதுக்குன்னு தொட்டாலும் செத்துப்போகும்" என்றார் மதினி. முழுதாக வெளியே வந்ததும் அது ஆவியில் வெந்த இட்லிபோல மெத்தென்று கிடந்தது. கழற்றிப்போட்ட ஓட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நானும் ஏதோ நினைப்பில் அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

சாயந்திரம் அதை மிளகுப்பொடி போட்டுப் பொரித்தார். "ஓட்டோட எவன் திம்பான்" என்று தள்ளி உட்கார்ந்திருந்த என் கணவர், ஒரு காலைப் பிய்த்து வாயில் போட்டார். அப்படியே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு காலியான பிறகு, "ஏக்கா, இம்புட்டு நாளா எங்க வச்சிருந்த இத?" என்று கேட்டார். மதினி அன்றைக்குத்தான், "டீச்சரு, இன்னொரு கரண்டி சோறு போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்ல வழியில்லை, கேஸ் அடுப்பு.

அதன்பின் என் கணவரைப் பிடிக்க முடியவில்லை. பட்டறையில் நண்டுப் பேச்சு, மாதா கோயில் வாசலில் நண்டுப் பேச்சு. பூனை வருகிறது என்று தொட்டிக்கு மூடி செய்து, தன் கையால் செய்த பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்ததும் ஓட்டலுக்கு முதல் தடவையாக நண்டு போக வேண்டும். தொட்டி நிறைய ஓடு கழற்றும் பருவத்தில் நண்டுகள் இருந்தன. மேற்கொண்டு நண்டு பார்த்து எடுத்துவர மதினி மீன் வேனிலேயே கடற்கரைக்குப் போனார். போகும்போது சாவியைத் தம்பி கையில் வைத்து, "மோட்டாரு நிக்காமப் பாத்துக்க. கரண்டு போனா கையால கலக்கி விடு. வேற ஒன்னும் வேணாம்" என்றார்.

எங்கள் தெருவில் குடிதண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்தால் கல்யாணம் வந்ததுபோல அத்தனை வீட்டிலும் ஓட்டம். போர்த் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, வாயில் வைக்க முடியாது. வீட்டுக்கு வருகிற மனிதருக்கு நாங்கள் செய்கிற முதல் மரியாதை ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர்தான். மதினி ஊரில் இல்லாத அந்த நாளில் தண்ணீர் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பட்டறைக்கு லீவு போட்டிருந்த என் கணவர் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பழுப்பேறிய தண்ணீரும் பாசி படிந்த கல்லும் அவருக்குப் பொறுக்கவில்லை. அக்கா நண்டு இந்தச் சாக்கடையிலா கிடப்பது என்று நினைத்தாராம். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஜல்லியையும் கிளிஞ்சலையும் அள்ளிக் கொட்டி, தேங்காய் நார் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். வீட்டுக்குக் குடிக்கக்கூடப் பிடிக்காமல், வந்த தண்ணீர் அத்தனையையும் குழாயிலிருந்து நேரே தொட்டியில் விட்டார்.

நான் வீடு திரும்பியபோது வேன் வாசலில் நின்றது. கொல்லையில் மதினியும் அவரும் தொட்டிப் பக்கம் நின்றிருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் கலந்து விடுகிற பிளீச்சிங் பவுடர் வாடை எனக்குச் சமையலறையிலேயே அடித்தது. கல்லெல்லாம் முத்து மாதிரி வெளுத்திருந்தது. விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போய், முகமெல்லாம் சிரிப்பாக, "தண்ணி எப்படி இருக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர். மதினி ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினார். திருப்பித் தடவினார். மெதுவாக அதை வைத்துவிட்டு, "நல்லா இருக்குடா. கண்ணாடி கணக்கா இருக்கு" என்றார்.

ஓடு கழற்றிக்கொண்டிருந்தவை அன்றைக்கே பாதி வழியில் நின்றுபோயின. மற்றவை ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கப்போட்டன. புதிதாக வந்தவையும் தங்கவில்லை. என் கணவர் தவித்துப்போய், என்னாச்சு என்னாச்சு என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வந்த நண்டு சரியில்லடா. வேன்ல சூடு பட்டிருச்சு. அதுகிட்டருந்து மத்ததுக்கும் ஒட்டிருச்சு" என்றார் மதினி. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி தண்ணீர் பழக ஒரு மாசத்துக்கு மேல் வேண்டும். ஓட்டல்காரர் சீசன் போகிறதென்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மழை வருவதற்குள் மதினி அதே கம்பெனிக்கு, அதே ஈரத் தரைக்குத் திரும்பிப் போனார். பஸ் ஏறும்போது என்னிடம் மட்டும், "அவன் ஆசையாச் செஞ்சான் டீச்சரு. சொன்னா அப்புறம் எதையும் ஆசையாத் தொட மாட்டான்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பூசை முடிந்து வந்ததும் என் கணவர் தொட்டியைத் தேய்க்கிறார். அக்கா எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டுமாம். தண்ணீர் வந்தால் முதல் குடம் அதற்குத்தான். "பளபளன்னு வச்சிருக்கேன்க்கா" என்று போனில் சொல்வார். மதினி அந்தப் பக்கம் சிரிப்பது கேட்கும். ஒருத்தர் பொய் சொல்ல, ஒருத்தர் நம்ப, நடுவில் நான் ஒருத்தி எல்லாம் தெரிந்துகொண்டு நாரை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும் அலுப்பு தூங்கினால் போய்விடும். இந்த அலுப்பு போகவே போகாது.

இப்போது மதினிக்கு நிற்கவே முடியவில்லை. கம்பெனியை விட்டுக் கோயில் திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று போன் பண்ணினார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே நான் மீன் வேன்காரரிடம் இரண்டு கேன் கடல் தண்ணீர் சொல்லிவிட்டேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு டிரம்மில் ஊற்றி, ஜல்லியும் கிளிஞ்சலும் போட்டு, பழைய மோட்டாரை ஓடவிட்டேன். மீன் கழுவிய தண்ணீரில் தினம் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார் வேன்காரர். கல்லில் வழுவழுப்பு ஏற ஆரம்பித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். கையில் நார். "என்னடி இது, பாசி புடிச்சுக் கெடக்கு. குடு, தேச்சு விடுறேன்" என்று குனிந்தார்.

"தொடாதீங்க!" என்றேன். வகுப்பில் கத்துகிற குரல் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்லு அப்படித்தாங்க இருக்கணும். அது போனா நண்டு தங்காது" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் டிரம்மைப் பார்த்தார். தான் தேய்த்து வைத்திருக்கிற வெள்ளைக் கற்களைப் பார்த்தார். "அப்ப, அன்னைக்கு…" என்றார்.

"அன்னைக்கு வந்த நண்டு சரியில்லைங்க. வேன்ல சூடு பட்டிருச்சு." மதினி சொன்ன அதே வார்த்தை, எனக்கும் தடுமாறாமல் வந்தது.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். நார் கீழே விழுந்து கிடந்தது. பிறகு டிரம்மைக் காட்டி, "இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துற?" என்று கேட்டார். போர்த் தண்ணீர், பிடித்து ஆறவைத்தது என்றேன். சரியென்று தலையை ஆட்டினார். எழுந்து, அழுக்கே இல்லாத கையை இரண்டு முறை கழுவினார். சமையலறைக்குள் வந்து ஜன்னலில் இருந்த ஓட்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்கும்படி திரும்ப வைத்தார்.

"எனக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லிராத" என்றார்.