தையல்காரர் பெயரில் வளர்ந்த செல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. செல்லுக்கு அம்மா, அதனால் செல்லம்மா. பேராசிரியர் என்றோ விளையாட்டாகச் சொன்னது, பதினோரு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்மா என்றதில் ஒன்றும் மிகையில்லை. கைக்குழந்தைக்குப் பசித்தால் ஊரைக் கூட்டும். செல் அழாது, சத்தமில்லாமல் செத்துப்போகும், அல்லது கெட்டுப்போகும். அவள் வளர்த்தது ஸ்டெம் செல். நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள செல்லைப் படிப்படியாகப் பின்னால் நடத்திக்கொண்டுபோய், தாய் வயிற்றில் இருந்த காலத்துக்கே திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து அதை இதயமாகவோ நரம்பாகவோ மாற்றலாம். ஆனால் மாற்றச் சொல்லும்வரை அது மாறக்கூடாது. தினமும் செல் வளரும் தட்டிலிருந்து பழைய மீடியத்தை, அதாவது செல்லுக்கு உணவான திரவத்தை, உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான இளஞ்சிவப்பு மீடியத்தைப் புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஓரத்துச் செல்கள் தன்னிஷ்டத்துக்குப் பரந்து, கூராக நீண்டு, வேறென்னவோ ஆகத் தொடங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அவற்றை மட்டும் சுரண்டி எடுத்தெறிவது செல்லம்மாவின் கைக்கு வந்த அளவுக்கு அங்கே வேறு யார் கைக்கும் வரவில்லை. இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் பத்தே நாளில் தட்டெல்லாம் பாழ்.

ஆகவே அவளுக்கு ஞாயிறு கிடையாது, மழை கிடையாது, காய்ச்சல் கிடையாது.

அவள் கணவர் குடிநீர்க் குழாய்த் துறையில் மேற்பார்வையாளர். மூன்று வருஷத்துக்கு முன் அவரை ஆறு மணி நேர ரயில் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மகளும் அப்பாவோடு போய் அங்கேயே பள்ளியில் சேர்ந்தாள். செல்லம்மா ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறையில் தங்கிவிட்டாள்.

"அந்தச் செல்ல எல்லாம் ஃப்ரீஸ் பண்ணி வெச்சுட்டு வரலாம்ல?" என்று கணவர் கேட்பார்.

"வெக்கலாம். ஆனா இதயமா மாறிட்டு இருக்கறத நடுவுல நிறுத்த முடியாதுங்க. அது அறுபது நாள் ஓடும்."

"அறுபது நாள் முடிஞ்சதும் வா."

"அதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிருக்குமே."

கடைசியில் பேராசிரியரே ஒரு வழி சொன்னார். பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருக்கும் கட்டுரை ஏற்கப்பட்டதும் அவள் தாராளமாக வேலையை விட்டுப் போகலாம். கணவர் அந்த வார்த்தையை நம்பி இரண்டு அறை வீடாகப் பார்த்துவிட்டார். சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் என்று மகள் போனில் கேட்டாள். மஞ்சள் என்றாள் செல்லம்மா.

அந்தக் கட்டுரையே ஒரு தையல்காரரைப் பற்றியதுதான். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் அண்ணனும் நாற்பது தாண்டுமுன்பே, நின்ற இடத்தில் நெஞ்சு நின்றுபோய் விழுந்தவர்கள். ரத்தத்தைச் சோதித்தபோது அதே மரபணுக் கோளாறு இவருக்கும் இருந்தது. ஆனால் இவர் நாற்பத்தாறு வயதிலும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்திலிருந்து செல் வளர்த்து, அதை இதயத் தசையாக மாற்றிப் பார்த்தால், அது தாளம் தப்பாமல் துடித்தது. கோளாறு இருந்தும் துடிப்பு சீராக இருக்கிறதென்றால், ஏதோ ஒன்று அவரைக் காப்பாற்றுகிறது. அது என்ன என்று கண்டுபிடித்தால் மருந்தாக்கலாம். பேராசிரியரின் ஆறு வருஷ உழைப்பும் அதன்மேல்தான் நின்றது. மாணவி ஒருத்தியின் பட்டமும் அதன்மேல்தான் நின்றது. நடையின் வேகத்தால் அந்த மாணவிக்குப் புயல் என்று பெயர்.

தையல்காரர் அவ்வப்போது வருவார். "நம்ம ஆளு எப்படிம்மா இருக்கான்?" என்பார், வெளியூரில் படிக்கும் பிள்ளையை விசாரிப்பதுபோல. ஒருமுறை செல்லம்மா அவரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவைத்தாள். தட்டின் அடியில் ஒரு சின்ன விரிப்பு சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தவர், நிமிர்ந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணனுக்கு இது இல்லாமப் போச்சே" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் கடைசியாக ஒன்று கேட்டார்கள். கைரேகைபோல ஒவ்வொருவர் மரபணுவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. தட்டில் வளர்வது அதே மனிதரின் செல்தானா என்று அதை வைத்து உறுதிசெய்து அனுப்பவேண்டும். வெறும் சம்பிரதாயம். செல்லம்மா இரண்டு குழாய்கள் நிரப்பி வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். தையல்காரரின் ரத்தத்தைச் சோதித்தபோது எடுத்த அடையாளம் அங்கே ஏற்கனவே பதிவில் இருந்தது. ஒன்றில் தையல்காரரின் செல். இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலிலிருந்தே வளர்த்துவந்த, நோயில்லாத யாரோ ஒருவரின் செல்.

முடிவு அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. இரண்டு குழாயிலும் இருந்தது ஒரே ஆள். தையல்காரர் இல்லை.

லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதுவே வந்தது. உட்கார்ந்து யோசித்தாள். ரொம்ப யோசிக்கத் தேவைப்படவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடி மேடையில் ஒரு நேரத்தில் ஒருவர் செல்லைத்தான் வைக்கவேண்டும். ஒன்றை முடித்து, துடைத்து, கால் மணி காத்திருந்துதான் அடுத்தது. அன்று அவள் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டாள். இரண்டுக்கும் ஒரே மீடியம் பாட்டில். உறிஞ்சு குழலான பிப்பெட்டின் முனையில் ஒட்டிய நாலு செல் போதும். ஆரோக்கியமான செல் வேகமாகப் பெருகும். ஒரு மாதத்தில் அது தையல்காரரின் செல்லை மொத்தமாகத் துரத்திவிட்டு, அவர் பெயர் எழுதிய தட்டில் குடியேறியிருக்கும். அதைத்தான் இத்தனை வருஷமும் ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

"ரிசல்ட் வந்துச்சா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இன்னும் வரல சார்."

ஒன்பது நாள் அப்படியே சொன்னாள். அந்த ஒன்பது நாளும் வழக்கம்போல மீடியம் மாற்றினாள். வாயைத் திறந்தால் பேராசிரியரின் ஆறு வருஷமும் புயலின் பட்டமும் மண்ணாகும். காரணம் தன் கை. திறக்காவிட்டால் கட்டுரை வெளிவரும், மஞ்சள் சமையலறை காத்திருக்கிறது. கதவு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தும் எதில் கை வைத்தாலும் சுட்டது.

பத்தாம் நாள் தையல்காரர் வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்துவிட்டு வந்திருந்தார்.

"நெஞ்சுக்குள்ள ஏதோ மெஷின் வெக்கணும்னு சொல்றாங்கம்மா. துடிப்பு நின்னா தட்டி எழுப்புமாம். நான் வேணாம்னுட்டேன்."

"ஏண்ணே?"

"என்ன ஏண்ணே? நீதானே காட்டின. நம்ம ஆளு கடிகாரம் மாதிரி அடிக்கறான். சொந்தக் கண்ணால பாத்தப்பறம் கத்தி எதுக்கு?"

அவர் போனதும் செல்லம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

அவள் நீட்டிய சோதனை முடிவுத் தாள் இரண்டையும் அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். திட்டுவார் என்று நினைத்திருந்தாள். திட்டவில்லை. வயசு ஒரேயடியாகப் பத்து கூடியதுபோல இருந்தது முகம்.

"அவரோட பழைய ரத்தம் ஃப்ரீஸர்ல இருக்கில்ல?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"இருக்கு சார்."

"அதுலேருந்து டி.என்.ஏ எடுத்து, செல்லுன்னு போட்டு அனுப்பிட்டா சரியா வந்துரும். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் ஊருக்குப் போயிடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. தண்ணீரில் விழுந்தவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். செல்லம்மாவும் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் வெளியே வந்தாள். அந்த ரத்தம் ஃப்ரீஸரில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்கப் பழைய பதிவேட்டை எடுத்தாள். எடுக்கும்போது அனுப்பிவிடலாம் என்றுதான் பாதி மனசு.

பதிவேட்டின் முதல் பக்கங்களில் அவளுடைய கையெழுத்தே சின்னப் பெண்ணுடையதுபோல இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எட்டு மாதம் முந்திய தேதியில் ஒரு வரி: தையல்காரர் செல், நாலு குப்பி, திரவ நைட்ரஜன் டேங்க், ஐந்தாவது அடுக்கு. மூன்றுக்கு எதிரே, வெளியே எடுத்ததற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு. நாலாவதற்கு எதிரே கோடு இல்லை.

தடித்த கையுறையும் முகக்கவசமும் போட்டு டேங்கைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்து காலைச் சுற்றியது. ஐந்தாவது அடுக்கைத் தூக்கினாள். குப்பி இருந்தது. மை மங்கியிருந்தாலும் எழுத்து அவளுடையதுதான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். "ரத்தத்த அனுப்பமாட்டேன் சார். ஒரு குப்பி இருக்கு. கலக்கறதுக்கு முன்னாடி வெச்சது."

"ஏழு வருஷம் ஆச்சு. உயிரோட வரும்னு என்ன நிச்சயம்? வந்தாலும் எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"தெரியும் சார்."

"சரி, எடுத்துப் பாருங்க. துடிப்பு வரட்டும், அப்பறம் அவர்கிட்ட சொல்லலாம்."

"அதுவரைக்கும் அவர் நெஞ்சு காத்துட்டு இருக்குமா சார்?"

பேராசிரியர் அவளைத் தடுக்கவில்லை. அவள் நேரே பக்கத்துத் தெருவுக்குப் போனாள்.

தையல் கடையில் அவர் ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். செல்லம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தன் கையால் நடந்தது என்பதையும் சேர்த்துத்தான். ஊசி நின்றது. பிறகு அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்போ அன்னிக்கு நான் பாத்து அழுதது யாரோடதும்மா?"

"யாரோ ஒருத்தர் அண்ணே. நல்லா இருக்கறவர்."

சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். "நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம், "உன்மேல கோவம் இல்லேன்னு சொன்னா பொய். இன்னிக்கு நீ போயிடு. அந்த டாக்டர் எத்தன மணி வரைக்கும் இருப்பார்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.

அடுத்த வாரம் அவருக்கு அந்தக் கருவியைப் பொருத்தினார்கள்.

குப்பியை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, புதுத் தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தபோது புயலும் பக்கத்தில் நின்றாள். விஷயம் தெரிந்ததிலிருந்து இரண்டு நாளாகச் செல்லம்மாவோடு அவள் பேசியிருக்கவில்லை.

"வருமாக்கா?" என்றாள்.

"பாக்கலாம்."

செல்லம்மாவுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரிடமும் சொல்லாதது. செல் செத்துப்போனால் கட்டுரையும் செத்தது, திட்டம் முடிந்தது, அவளுக்கு இங்கே வேலை இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறலாம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. பிழைத்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். செத்துப்போ என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லியேவிட்டாள். சொன்னதும் உடம்பு கூசியது.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். மிதந்ததெல்லாம் செத்த செல், சாம்பல் கரைத்ததுபோல. அதற்கு அடியில், தட்டோடு ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்னக் கூட்டங்கள். எண்ணினாள். ஒன்பது. விளிம்பு சுத்தமாக, வட்டமாக, அவளுக்குப் பிடித்த மாதிரியே இருந்தன.

செல்லம்மா முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கொஞ்சம் அழுதாள். சந்தோஷமா என்று புயல் கேட்டதற்குத் தலையை ஆட்டிவைத்தாள். அப்புறம் எழுந்து அந்த ஒன்பதுக்கும் மீடியம் மாற்றினாள்.

கணவரிடம் மதியம் பேசினாள்.

"எவ்ளோ நாள்?" என்றார் அவர்.

"ரெண்டு வருஷம். கூடவும் ஆகலாம்."

மறுமுனையில் குழாய் உடைப்பு பற்றி யாரோ கத்துவது கேட்டது. "நான் தப்பு பண்ணல, நீ பண்ணின. தண்டனை மட்டும் மூணு பேருக்கும்" என்றார் அவர். வைத்துவிட்டார். சனிக்கிழமை வரை கூப்பிடவில்லை.

கட்டுரையைப் பேராசிரியரே திரும்பப் பெற்றார். இதே செல்லை வைத்து முன்பு வெளிவந்த இரண்டு கட்டுரைகளையும் தவறு என்று எழுதிக்கொடுத்தார். கலந்தது யாரால் என்று பெயர் போடவில்லை. புயலின் பட்டம் தள்ளிப்போனது. புதுச் செல்லின் கைரேகை தையல்காரருடையதோடு அச்சாகப் பொருந்தியது. இதயமாக மாறி அது துடிக்கத் தொடங்கியபோது தாளம் தப்பியது. இரண்டு துடிப்பு ஓடி, ஒன்று தயங்கி நின்றது. அவரை எதுவும் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. அதுவரை விழாதது அதிர்ஷ்டம்தான். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் கடையில் கருவி அவரை ஒருமுறை தூக்கிப்போட்டு எழுப்பியது. மறுநாள் அவர் வந்து, மைக்ரோஸ்கோப்பைப் பார்க்க மறுத்து, ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

புயல் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பழகிக்கொள்ள முயன்றாள். முதல் மாதம் நாலு தட்டு போனது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ரயிலிலேயே கழிந்துவிடும் என்பதால் செல்லம்மா பாதி மாதங்கள் போவதில்லை. இரண்டாவது அறையை மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

போன வாரம் மகள் போனில் கேட்டாள்: "அம்மா, அந்த செல்லு செத்துப்போச்சுன்னா நீ இங்க வந்துருவியா?"

"வந்துருவேன்."

"சாகாதுல்ல?"

செல்லம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"என் கையில சாகாது" என்றாள்.