கல்யாணப் பத்திரிகைல செஞ்ச பொண்ணு

எம்பதுகள்ல நாங்க பூனால, கட்கி பக்கம், ஒரு மாடி வீட்ல குடியிருந்தோம். நான் ஃபேக்டரி கிளார்க்கு. என் பொண்டாட்டி கேம்ப் ஏரியால ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். வீட்ல ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க. இன்னொண்ணுல அவ செஞ்ச காகிதப் பொம்பளைங்க, ஆள் உசரத்துக்கு, செவுத்துல சாஞ்சுகிட்டு.

வர்றவங்ககிட்ட, "இதெல்லாம் என் மாமியார் வீட்டு ஜனம். சோறு கேக்காதுங்க, அதான் வெச்சிருக்கேன்"னு சொல்லுவேன். சிரிப்பாங்க. அப்புறம் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாங்க, சிரிப்பு நின்னுடும்.

புகுந்த வீட்ல செத்த பொண்ணுங்கதான் அவ எடுத்துக்கிட்ட விஷயம். அப்ப பேப்பரைப் பிரிச்சா, ஸ்டவ் வெடிச்சு செத்த மருமக இல்லாம இருக்காது. "மாமியாருக்கு மட்டும் ஏன் ஒரு தடவை கூட வெடிக்க மாட்டேங்குது?"ன்னு என்னைக் கேப்பா. என்னமோ ஸ்டவ்வுக்கு நான்தான் மேனேஜர் மாதிரி.

யாரையாவது பழுப்புக் காகிதத்து மேல படுக்க வெச்சு, பென்சிலால சுத்திக் கோடு போடுவா. உள்ள பூரா பழைய கல்யாணப் பத்திரிகையத் துண்டு துண்டா ஒட்டுவா. மொகத்துக்கு மட்டும் கருமாதிப் பத்திரிகை. நம்ம ஜனங்க அதைப் படிச்ச கையோட கிழிச்சுப் போட்டுடுவாங்க, வீட்டுக்குள்ள வெக்க மாட்டாங்க. இவ அங்க இருந்த தமிழாளுங்க வீடு வீடா போயி, "கிழிக்காதீங்க, எங்கிட்ட குடுங்க"ன்னு கேட்டு வாங்குவா. அதுக்கப்புறம் எங்க லைன்ல ஒருத்தரும் எங்களுக்கு உறை மோர் கூடக் குடுக்கல.

மைதா பசை காய்ச்சறது என் டிபார்ட்மென்ட். கட்டி கட்டியா வரும். நான் காய்ச்சுன பசைல ஒட்டுன பொண்ணுங்களுக்கெல்லாம் அம்மை போட்ட தோலு.

மழைக்காலத்துல அதுங்க உப்பும். நெஞ்சுப் பக்கம் மெதுவா எழும்பும். வெயில் பட்டா சுருங்கி 'டக்'குனு ஒரு சத்தம், நெட்டி முறிக்கற மாதிரி. வெறும் காகிதந்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ரூம்ல நான் சட்டை மாத்துனதே இல்ல.

கீழ் வீட்டு மாமா எங்க ஃபேக்டரில ஃபிட்டர். பெரிய பொண்ணைப் பக்கத்துல சிஞ்ச்வட்ல குடுத்திருந்தாரு. அவ எரிஞ்சு செத்தப்ப, ஸ்டவ்வுதான்னு சொன்னாங்க. ஒரு கைக்கொழந்தை இருந்துச்சு. வருஷம் திரும்பறதுக்குள்ள, சின்னவளை அதே மாப்பிள்ளைக்குக் கேட்டாங்க. 'கொழந்தைக்கு சித்தியே அம்மாவா வந்தா நல்லதுதானே'ன்னாங்க. மாமாவும் சரின்னுட்டாரு. சின்னவளை யாரும் கேக்கல.

ஒரு ஞாயித்துக்கெழமை காலைல, பையில பத்திரிகைக் கட்டோட மாமா மாடி ஏறி வந்தாரு. மூலைல தடவுன மஞ்சள் கூட இன்னும் காயல.

"அம்மாடி, வேலையா இருக்கியா?"ன்னுட்டு நேரா அந்த ரூமுக்குள்ள போயிட்டாரு. அங்க அவ பாதி ஒட்டுன ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தா. மொகம் இன்னும் வெக்கல. இடுப்புகிட்ட மாமாவோட பேரு, அதுக்குக் கீழ மாப்பிள்ளை பேரு. பெரியவ கல்யாணப் பத்திரிகை.

மாமா பையிலேர்ந்து புதுசு ஒண்ணை எடுத்து அது பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. அதே பிள்ளையாரு, அதே மண்டபம், அதே மாப்பிள்ளை.

"பழசைத்தான் பிரஸ்காரன்கிட்ட சாம்பிளுக்குக் குடுத்தேன்"ன்னாரு. "பொண்ணு பேரை மட்டும் மாத்துடான்னேன்."

அவரு கண்ணு மேல போச்சு.

"பெரியவளுக்குத் தோளு இப்பிடி ஒரு பக்கமா எறங்கியிருக்காதே?"

"அளவு சின்னவளோடது, மாமா"ன்னா என் பொண்டாட்டி. "நேத்து வந்து, அவளாவே படுத்தா."

"அவளாவா?"

"ஆமா. கண்ணை மூடிக்கிட்டு அசையாம கெடந்தா. எந்திரிச்சு அந்தக் கோட்டையே பாத்துட்டு, 'எங்கக்கா எடம் எனக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர்'ன்னா."

அந்த நேரம் பாத்து ஜன்னல் வழியா வெயில் வந்துச்சு. மொகமில்லாதவ நெஞ்சுல 'டக்'குன்னுச்சு. மாமா தோள் தூக்கிப் போட்டுது. எதுக்கெடுத்தாலும் ஜோக்கு வெச்சிருக்கற நான், என்ன பண்றதுன்னு தெரியாம, பத்திரிகைய வாங்கிக்க ரெண்டு கையையும் நீட்டிட்டேன். இப்பிடியும் ஒரு மடையன்.

மாமா என் கையைப் பாத்தாரு. பத்திரிகையத் திரும்பப் பைக்குள்ள வெச்சாரு.

"உங்களுக்குக் குடுக்கல, தம்பி."

"ஐயோ மாமா, நாங்க ஏதாவது..."

"யாருக்குமே குடுக்கல."

கம்பியப் புடிச்சுப் புடிச்சு எறங்கிப் போனாரு. கொஞ்ச நேரத்துல கீழ மாமி கத்தற சத்தம்: "மண்டபம் பேசியாச்சு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சு! அந்தக் கொழந்தைக்கு என்னய்யா வழி?"

அவரு சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டேன்.

"போயித் தூக்கிட்டு வர்றேன். நாம வளத்துக்கலாம்."