சுவருக்கு முன்னே வந்த வேன்

வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டதும் செங்கல் வந்துவிட்டது என்று துள்ளி எழுந்தேன். மலைக்கு மேலே செங்கல் வருவது சும்மாவா? கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் லாரி ஒரு தரம் மூச்சு வாங்கும், ஒரு தரம் பின்னால் போகும், டிரைவர் யாரையாவது திட்டுவார், அப்புறம்தான் அடுத்த வளைவு. அந்த லாரிக்காகத்தான் நானும் மேஸ்திரியும் கொத்தனார்களும் வேலையற்றுக் கிடந்தோம்.

வந்தது லாரி இல்லை. ஒரு வேன். கதவு திறந்தது. ஒரு தகரப்பெட்டி இறங்கியது. அப்புறம் சுருட்டிய பாய். அப்புறம் ஒரு பக்கெட், அதற்குள் தட்டு, டம்ளர், சோப்பு டப்பா. அப்புறம் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னிய ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொரு பெட்டி, ஒரு அம்மா, ஒரு அப்பா, மறுபடி ஒரு பெட்டி.

“யாருங்க நீங்க? எங்க வந்தீங்க?”

“ஹாஸ்டலுக்குங்க,” என்றார் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்ட ஒருவர், சந்தைக்கு வந்தவர்போலச் சாதாரணமாக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் அங்கே ஹாஸ்டல் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு பேஸ்மட்டம் இருந்தது. அதன்மேல், சில்வர் ஓக் கம்புகள் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரே ஒரு வாசக்கால் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மஞ்சள் துணியில் நவதானிய முடிச்சு கட்டி, மாவிலை காய்ந்து சுருண்டு. அதற்கு இந்தப் பக்கம் காற்று. அந்தப் பக்கமும் காற்று. வாசக்காலின் சட்டத்துக்குள் ஒரு பலாமரமும் கொஞ்சம் மேகமும் தெரிந்தன.

தோளில் பெட்டி வைத்திருந்தவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, வாசல் இருக்குது. ஊட்டைக் காணமுங்களே?”

“அது பின்னால லாரியில வருதாட்ட இருக்குதுங்க,” என்றார் வேன் டிரைவர். யாரோ சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் முடியவில்லை.

வேனின் முன்சீட்டிலிருந்து கடைசியாக இறங்கினார் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கோடை லீவுக்கு ராசிபுரம் போயிருந்தவர், பள்ளி திறக்கிறது என்று அன்று காலைதான் மலையேறி, சோளக்காடு என்கிற மலையூரில் இந்த வேனில் ஏறியிருக்கிறார். இறங்கியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“முடிஞ்சுதுன்னு மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணாங்களே! பெயிண்ட் முதக்கொண்டு அடிச்சாச்சுன்னாங்களே! ஊரூருக்கும் சொல்லி அனுப்பிட்டேனே!”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே பிள்ளைகள் பேஸ்மட்டத்தின்மேல் ஏறிவிட்டார்கள். நான்கு பக்கமும் திறந்து கிடந்தது. எப்படி வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். ஒருத்தியும் அப்படி ஏறவில்லை. வரிசையாக வாசக்காலின் முன்னால் நின்றார்கள். “வலது காலை வெச்சுப் போ கண்ணு,” என்றாள் ஒரு அம்மா. பெட்டியோடு ஒவ்வொருத்தியாகக் குனிந்து, இடிக்காத தலையை இடித்துவிடுமென்று தாழ்த்தி, வலது கால் வைத்து, சுவரில்லாத வீட்டுக்குள் போனார்கள். போய், பெட்டியை வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து, மேலே பார்த்தார்கள். வானம்.

ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. வேனின் ஜன்னலோரம், மூக்கில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தியபடி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பெரக்கரை நாடு என்கிற மலை ஊர்க்கூட்டத்திலிருந்து வளைந்து வளைந்து வந்ததில் குடலைப் புரட்டிவிட்டதாம். “அவதாங்க அதிகமா ஆசைப்பட்டவ,” என்றார் தலைமை ஆசிரியை என் காதோரம். “எட்டாவதுல முதல் மார்க். அவங்க ஊர்ல ஒம்பதாவது கிடையாது. தங்க இடம் இருந்தா அனுப்பறேன், இல்லைன்னா காட்டு வேலைக்கு வரட்டும்னு அவங்கப்பா கறாராச் சொல்லிட்டார்.”

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ சிவில் படித்துவிட்டு நாமக்கல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். மலைக்கு செல்போன் ஏறாத காலம். சென்னையில் ஒரு அறக்கட்டளை, தூரத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் படிக்க இந்த விடுதியைக் கட்டிக்கொண்டிருந்தது. வேலை நாள் பிசகாமல் நடக்க அவர்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அஸ்திவாரம், சுவர், லிண்டல், கூரைத்தளம், பூச்சு, பெயிண்ட், கதவு என்று வேலைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. முடிந்தால் பச்சை. நாள் தவறினால் சிவப்பு. அறக்கட்டளை, ஆர்க்கிடெக்ட், காண்ட்ராக்டர், நான், எல்லோருக்கும் ஒரே பக்கம். நான் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து நாமக்கல் இறங்கி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முடிந்ததை டிக் செய்துவிட்டு மலையேறுவேன்.

எனக்கு அந்தப் பக்கத்தின்மேல் காதலே இருந்தது. மலையில் ஒரு கல் நகர்ந்தால் சென்னையில் ஒரு பட்டை நிறம் மாறும் என்கிற அதிசயம்! ஆனால் அந்தக் கோடையில் மணல் வரவில்லை, செங்கல் வரவில்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போனது. பக்கம் முழுக்கச் சிவப்பு. சிவப்பைப் பார்த்த சென்னை ஓயாமல் கேட்டது. ஏன், எப்போது, யாரால். சோளக்காட்டு எஸ்.டி.டி. பூத்துக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கை தட்டுவார்: “அம்மிணி, மெட்ராஸ்!”

அந்த நிலையில்தான் மேஸ்திரி வந்து நின்றார். “வைகாசி முடியப்போகுதுங்க அம்மிணி. ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது. சுவர் எப்ப வருதோ வரட்டும். நெலவை வெச்சரலாமுங்க.” நெலவு என்றால் எங்கள் பக்கம் வாசக்கால். சுவர் எழும்புவதற்கு முன்பே நல்ல நாள் பார்த்து அதை நிறுத்திவிடுவது வழக்கம். அப்புறம் சுவர் அதைத் தேடி வந்து பிடித்துக்கொள்ளும். நிறுத்தினோம். ஐந்து சுமங்கலிகள் பால் ஊற்றினார்கள், தேங்காய் உடைத்தோம், கொத்தனார்களுக்குக் கேசரி. அந்தச் சனிக்கிழமை பிரவுசிங் சென்டரில், சிவப்புப் பட்டைகளுக்கெல்லாம் அடியில், ‘வாசற்கதவு, சட்டத்துடன்’ என்ற வரியைப் பார்த்தேன். சட்டம் முடிந்தது என்று அதில் குறிப்பு எழுதி, டிக் செய்தேன். பக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. பதிவாகியிருக்காது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். வந்தது அடுத்த வாரம் இல்லை. வேன்.

மேஸ்திரியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சோளக்காட்டு பூத்துக்குப் பறந்தேன். அறக்கட்டளை அம்மா போனை எடுத்ததும் குதூகலமாகப் பேசினார்.

“பிள்ளைங்க வந்துட்டாங்களா? சந்தோஷமா இருக்காங்களா?”

“மேடம், இங்க கட்டடம் இல்லீங்க.”

“என்னம்மா சொல்றே? இதோ என் முன்னாடி திறந்திருக்கே. அஸ்திவாரம் பச்சை. சுவர் பச்சை. லிண்டல் பச்சை. கூரை பச்சை. பூச்சு பச்சை. பெயிண்ட் பச்சை. வாசற்கதவு பச்சை.”

கதவு என்று அவர் சொன்னதும் புரிந்துவிட்டது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் ஊரில் கதவு கடைசியில் வரும். சுவரும் கூரையும் இல்லாமல் எந்த மடையன் வாசலை வைப்பான்? ஆகவே கடைசி வேலையை டிக் செய்தால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் முடிந்ததாகத்தானே அர்த்தம்? கம்ப்யூட்டர் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. நான் ஒன்றைத்தான் சொன்னேன், அது உண்மை. மீதியை அதுவே கட்டிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கரண்ட் போகிற நேரத்தில், சிமென்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், ஒரு சித்தாள் இல்லாமல், சுவரெழுப்பித் தளம் போட்டுச் சுண்ணாம்பும் அடித்துவிட்டது!

“திடீர்னு எல்லாம் பச்சையாச்சே, உங்களுக்கு ஒண்ணும் தோணலீங்களா மேடம்?”

மெதுவாக, “நிம்மதியா இருந்ததும்மா,” என்றார்.

சிவப்புக்கு ஆயிரம் காரணம் கேட்டார்கள். பச்சைக்கு ஒருவரும் ஒரு காரணமும் கேட்கவில்லை. பூத்துக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது சைட்டில் சண்டை. “வேலை வெட்டிய உட்டுப்போட்டு வந்திருக்குது. எந்திரிங்க, போலாம்,” என்று அப்பாக்கள் பெட்டிகளைத் தூக்கப் போனார்கள். தலைமை ஆசிரியை கும்பிடாத குறை. “ஒரு வகுப்பறைய ஒழிச்சுத் தரேன். நானும் கூடவே படுத்துக்கறேன். மழைக்குள்ள இவங்க கட்டிருவாங்க.” யாரும் கேட்கிற நிலையில் இல்லை. ஒருவர் பெட்டியோடு வெளியே வர வாசக்காலில் காலை வைத்தே விட்டார்.

முன்பு வலது காலை வைக்கச் சொன்ன அந்த அம்மாதான் குறுக்கே போய் நின்றாள்.

“நில்லுங்க. பொட்டப்புள்ளைங்க பெட்டி. நல்ல நாளுல, நெலவு தாண்டி உள்ள போன பெட்டி. அதே நாளுல திருப்பித் தூக்கிட்டு வருவீங்களா? ஆகுமா அது?”

“இது ஊடே இல்லியே, புள்ளே,” என்றார் காலை வைத்தவர்.

“நெலவுக்குப் பால் ஊத்தினாங்களா இல்லியா? கேளுங்க மேஸ்திரிய.”

“ஊத்துனமுங்க,” என்றார் மேஸ்திரி. “அஞ்சு பேரு.”

தூக்கிய கைகள் தளர்ந்தன. அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த வழக்கம் எங்களை இந்தக் கூத்தில் மாட்டிவிட்டதோ அதுவே இப்போது பெட்டிகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒருவர் தலையைச் சொறிந்தார். ஒருவர், “சரி, டீச்சரம்மா கூட இருக்கறங்கறாங்க,” என்றார். எனக்கு உயிர் வந்தது. அரை நிமிஷம்தான்.

“எம்புள்ள உள்ள போகலீங்களே.”

வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் சொன்னார். கோபமில்லாத குரல். எலுமிச்சம்பழப் பெண்ணின் அப்பா.

நான் ஓடினேன். என்னென்னவோ சொன்னேன். வகுப்பறை, டீச்சர், நான்கு மாதம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

“குத்தமா நெனைக்காதீங்க அம்மிணி. கூரை போட்ட ஹாஸ்டல்னு சொன்னாங்க, சரீன்னேன். பள்ளிக்கூடத்துத் தரையில படுக்கறதுக்குச் சரீங்கலை. நாளைக்கி ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது?”

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எல்லாம் புரிந்திருக்கிறது.

“அப்பா, நான் எறங்கட்டுங்களா? ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தர்றேன்.”

அவர் ஜன்னல் வழியே கை நீட்டி அவள் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

“மயக்கமா வருதில்ல சாமி. உக்காரு.”

வேன் திரும்பியது. வாசக்காலுக்குள் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். வளைவில் வேன் மறைகிற வரை அந்த மஞ்சள் பழம் தெரிந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வாசக்காலுக்குள் பெட்டிகளோடு நிற்கும் பிள்ளைகளைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் நிம்மதி இல்லை, செங்கல் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக ஏறின. பட்டியலில் வாசக்காலை அஸ்திவாரத்துக்கு அடுத்த வரியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு பச்சையோடும் ஒரு புகைப்படம் இணைத்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. பிள்ளைகள் வகுப்பறையில் படுத்தார்கள். பெட்டிகள் மட்டும் பேஸ்மட்டத்தின்மேல் தார்ப்பாய் மூடிக் கிடந்தன, திருப்பித் தூக்கக் கூடாதே. காலையில் வந்து பெட்டியைத் திறந்து பாவாடை எடுத்துப்போவார்கள். கொத்தனார்கள் அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான் சுவர் கட்டினார்கள். “அக்கா, கம்ப்யூட்டர்ல எங்க ஊடு எவ்வளவு வந்திருக்குது?” என்று கேட்பாள் ஒருத்தி. “ஜன்னல் வரைக்கும் கண்ணு,” என்பேன். சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். இன்றைக்கும் திரையில் பச்சையைக் கண்டால் எனக்கு வயிற்றுக்குள் ஒரு வேன் கதவு திறக்கிறது.

கூரை போட்டு, பூச்சு முடிந்து, பக்கம் முழுக்க நிஜமாகவே பச்சையான தை மாதத்தில், பஸ் பிடித்துப் பெரக்கரை நாட்டுக்குப் போனேன். அந்த எலுமிச்சம்பழப் பெண்ணை மறு ஜூனில் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். நடுக்கூடத்தை, கூரையை, கட்டில்களைப் படமெடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அப்பா குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் நின்றிருந்தார். மண் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூரைப் படத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“நல்லாக் கட்டியிருக்கீங்க அம்மிணி.”

“பாப்பா எங்கீங்க?”

“கீழ நூல் மில்லுக்குப் போயிட்டாளுங்க. புரட்டாசியில ஆள் எடுக்க வந்தாங்க.” படங்களை அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார். “அங்க ஹாஸ்டல் ரெடியா இருந்துச்சுங்க. நானே போயிக் கூரையெல்லாம் பார்த்துப்போட்டுத்தான் உட்டுட்டு வந்தேன்.”

அவர் வீட்டுப் பக்கத்தில் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று பறித்து என் பையை நிறைத்தார். பஸ்ஸில் எனக்கு வாந்தி வருகிற வழக்கமே கிடையாது. அன்றைக்கு வந்தது.