மாலை போட்டுக்கொண்டு பலூனில் ஏறியது

பலூனில் போய்ச் சூரியோதயம் பார்த்தவர்கள் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். ஒருவர்கூட நாற்றத்தைப் பற்றி எழுதியதில்லை. தரையில் உள்ள நாற்றமெல்லாம் விடியற்காலையில் மேலே கிளம்பி வரும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் ஊதித் தொங்கவிடும் சின்ன பலூனைப் பார்த்தாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும். பசியால் அல்ல.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஒரு சீனருடைய மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தேன். லாரியில் ஏறி ரப்பர் தோட்டக் கடைகளுக்குப் போய்ப் பானத் தூள் டின்களை இறக்குவேன், கூடவே நாலு பொய்யும் இறக்குவேன். முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்தவர். அவருடைய தமிழ் என் தமிழைவிடத் தோட்டத் தமிழ். திட்டும்போது இன்னும் சுத்தமாக வரும்.

அந்த வருஷம் பானத் தூள் கொம்பனி, விளம்பரத்துக்காக ஒரு பெரிய வெப்பக்காற்றுப் பலூனையும் அதை ஓட்ட ஒரு வெள்ளைக்காரனையும் ஊர் ஊராக அனுப்பி வைத்தது. பலூன் முழுக்க டின்னின் படம். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் மொத்த வியாபாரியும் அவருடைய ஆள் ஒருவனும் அதில் ஏற வேண்டும். எங்கள் கடையில் மற்றவர்கள் எல்லாரும் புத்திசாலிகள், தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும், “பலூன்தானே? கயித்தக் குடுங்க தவுக்கே, பட்டம் மாதிரி விட்டுக் காட்டுறேன்” என்றேன். கடை சிரித்தது. தவுக்கே சிரிக்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பயம் அப்போது வரவில்லை. அது பிறகு சேர்த்து வைத்து வந்தது. அப்போதைக்கு இருந்த சிக்கல், நான் காவடிக்கு மாலை போட்டிருந்தது. தைப்பூசத்துக்குச் சில நாட்கள்தான் பாக்கி.

என் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது, ஏழு மாதம் தாண்டியிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அவள்தான் பால்காவடிக்கு வேண்டிக்கொண்டாள், சுமப்பது நான். வீட்டுச் சாப்பாடு, அதுவும் மரக்கறி. தரையில் பாய். தோல் செருப்பு இல்லை, சாவு வீடு இல்லை, சாராயக் கடைப் பக்கம் தலைகாட்டல் இல்லை. கோயிலில் இதையெல்லாம் யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் விரதத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் அதை அவள் தன் வயிற்றில் விழுந்ததாக எடுத்துக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். அதனால் பகடி பண்ணுகிற எனக்கும் அந்த ஒரு விஷயத்தில் பகடி கிடையாது.

“மேல போனா யாரும் இல்லல்ல? தீட்டு எங்கேருந்து வரும்?” என்று அவளிடம் கேட்டேன். “மேகத்துல சாவு வீடு இருக்கா, கறிக்கடை இருக்கா?”

அவள் யோசித்தாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. “யாரையும் ஒட்டி நிக்காதீங்க. எதையும் வாயில போடாதீங்க. தவுக்கேகிட்டயும் சொல்லிருங்க” என்றாள்.

நாங்கள் இருவரும் அதுவரை அந்தக் கூடையைப் பார்த்திருக்கவில்லை.

ஈப்போவுக்கு வெளியே, பாதி விற்றுப் பாதி பால் வெட்டாமல் கிடந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் பந்துத் திடலுக்கு இருட்டோடு போனோம். கூடை எங்கள் வீட்டுக் குளியலறையில் பாதிகூட இல்லை. அதற்குள் கேஸ் சிலிண்டர்கள், வெள்ளைக்காரன், தவுக்கே, நான். ஒட்டாமல் நிற்பதென்றால் ஒருவன் வெளியே தொங்க வேண்டும். வெள்ளைக்காரன் மேல் முந்தைய இரவின் பீர் வாடை அடித்தது. நான் மூக்கைத் திருப்பினேன். அந்தப் பக்கம் தவுக்கேயின் சட்டைப் பையில் எண்ணெய் பட்ட ஒரு காகிதப் பொட்டலம்.

“அது என்னா தவுக்கே?”

“ஒண்ணுமில்லலா. நீ முன்னாடி பாரு.”

வெள்ளைக்காரன் ஒரு பிடியை இழுத்தான். தலைக்கு மேல் நெருப்பு ஒரு மாடு கத்துவதுபோல் கத்தியது. என் உச்சி மயிர் பொசுங்குகிற வாடை வந்தது. நான் குந்திவிட்டேன். எழுந்து பார்த்தபோது திடல் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் எங்கும் போகவில்லை, நின்ற இடத்திலேயேதான் நின்றேன். தரைதான் சொல்லாமல் கொள்ளாமல் கீழே போயிற்று.

கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மெத்தென்று இருந்தது. கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். தோல். நல்ல தடித்த மாட்டுத் தோலை விளிம்பைச் சுற்றி வளைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக ஜப்பான் ரப்பர் சிலிப்பரில் தேய்த்துத் தேய்த்து நடந்தவன், இப்போது மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விட்டால் உயிர் போகும், விடாவிட்டால் விரதம் போகும். மனம் விடு என்றது. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒருவழியாக ஒவ்வொரு விரலாகப் பிய்த்தெடுத்து, பக்கத்தில் கிடைத்ததைத் தாவிப் பிடித்தேன். அது தவுக்கேயின் இடுப்புவார். அதுவும் தோல்.

“டே தம்பி, சிலுவார உருவிராத!” என்று கத்தினார் தவுக்கே, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு.

கடைசியில் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். பன்றி இறைச்சி வைத்து அவித்த சீனப் பாவ் ரொட்டி. சூடாக இருந்தது. இனிப்பும் கொழுப்பும் கலந்த அந்த ஆவி என் முகத்தில் வந்து அப்பியது.

“தவுக்கே! கறி கிறி வேணாம்னு சொன்னேன்ல?”

“நீ சொன்னது கீழ. மேல வந்தா எனக்கு வயிறு என்னமோ பண்ணுது. வயித்துல எதாச்சும் கெடந்தா பயம் தெரியாதுலா.” வாயில் பாவோடு சொன்னார். அவருக்கும் பயம்தான். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

சூரியன் வந்தது. விரலிடுக்கில் பார்த்தேன். மரங்கள் இலை உதிர்க்கிற மாதம், தோட்டம் சொறி பிடித்த நாய் முதுகு மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்தது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் மேல் வெளிச்சம், ஆறிப்போன பாலில் படிந்த ஆடையைப்போல் சுருங்கி மினுக்கியது. சுண்ணாம்பு மலைகள் பனியிலிருந்து சொத்தைப் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரன் கையை விரித்து, அழகு, அழகு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் தலையாட்டினேன். தலை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குள் நாற்றம் மேலேறி வந்துவிட்டது. முதலில் ஒட்டுப்பால் நாற்றம், காயாமல் குவித்து வைத்த ரப்பரின் அழுகிய வாடை. அதன் பின்னால் லயத்து வீடுகளின் சாக்கடை, கருவாடு சுடுகிற புகை, கோழிக் கூண்டு. கீழே இருக்கும்போது ஒவ்வொன்றாகத்தான் வரும். மேலே எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது, என் முகத்துக்கு நேராக.

நெருப்பு கத்தாத நேரத்தில் அங்கே மயான அமைதி. கீழே பேசுவது பக்கத்தில் பேசுவதுபோல் கேட்டது. பால்மரம் வெட்டும் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி நெற்றியில் கட்டிய விளக்கு இன்னும் எரிந்தது.

“ஏண்டி, கூடையில சாமி கீமி வருதா?”

“சாமி இல்லக்கா. மூணு ஆம்பள. ஒருத்தன் அழுவுறான்.”

“எவன்டி?”

“மால போட்டவன்தான்.”

“டேய் சாமி!” என்று அந்த அக்கா அண்ணாந்து கூவினாள். “அழுவாத! முருகன் இன்னும் மேல இருக்காரு, போய்க்கிட்டே இரு!”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காலையில் குடித்த பாலும் தின்ற வாழைப்பழமும் முந்திக்கொண்டன.

“அக்கா, பால் வாளிய மூடு! வாளிய மூடுக்கா!”

அந்த அலறலைத்தான் கடைசியாகக் கேட்டேன். காற்று எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுடைய வாளி தப்பியதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் போகவும் இல்லை.

இறங்குவதற்கு இடம் தேடினான் வெள்ளைக்காரன். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் குட்டை, இன்னொரு பக்கம் மின்கம்பி. தூரத்தில் தகரக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு வெளி தெரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. தவுக்கே எட்டிப் பார்த்தார்.

“டே, அது புல்லு இல்லடா!” என்று முதலில் என்னிடம் தமிழில் கத்தினார். பிறகு சீனத்தில் கத்தினார். ஆங்கிலம் அவருக்கு வருவதற்குள் நாங்கள் இறங்கிவிட்டோம்.

அது பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை. மேலே ஆகாயத் தாமரை படர்ந்து புல்வெளி வேஷம் போட்டிருந்தது. கூடை முதலில் ஒரு தரம் தட்டி எழும்பியது. மறுபடி விழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. துணி காற்றில் எங்களைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போய், நல்ல ஆழமாகப் பார்த்து நிறுத்தியது. எழுந்து நின்றபோது எனக்கு மார்பளவு. வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. வாயை மட்டும் ஈயம் ஊற்றி அடைத்ததுபோல் மூடிக்கொண்டேன். கொட்டகைக்குள் நூற்றுக்கணக்கான பன்றிகள் எங்களைப் பார்த்து வீறிட்டன. அவற்றுக்கும் எங்களைப் பிடிக்கவில்லை.

கரையேறினோம். பண்ணை ஆட்கள் ரப்பர் குழாயை நீட்டினார்கள். நாங்கள் அதைப் பிடிப்பதற்குள் வெள்ளைக்காரன் சேற்றோடு சிரித்துக்கொண்டே கூடைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வந்தான். ஷாம்பேன். முதல் முறை பலூனில் ஏறியவன் தலையில் அதை ஊற்றுவது அவர்கள் வழக்கமாம். தக்கை டப்பென்று தெறித்தது. அவன் என்னைப் பார்த்து வந்தான்.

நான் ஓடினேன். அந்த நிலைமையில், அந்த உடம்போடு, பன்றிக் கொட்டகையைச் சுற்றி ஓடினேன். அவன் இதுவும் விளையாட்டு என்று நினைத்துத் துரத்தினான்.

“டே, பன்னிப் பீயில முங்கி எந்திரிச்சிட்ட” என்று தவுக்கே கத்தினார். “இதுக்கு மேல என்னாடா? வெறும் தண்ணி மாதிரிதான்லா!”

“அது நானா விழல தவுக்கே! இது தெரிஞ்சே ஊத்திக்கிறது!” மூச்சு வாங்கியது. “வீட்ல புள்ளத்தாச்சி. அவகிட்ட நான் என்னா சொல்வேன்? வேணாம் தவுக்கே. கும்புடுறேன்.”

பகடி பண்ணுகிறவன் கும்பிட்டதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓடிவந்து எனக்கும் போத்தலுக்கும் நடுவில் நின்றார். தன் வழுக்கைத் தலையைத் தொட்டுக் காட்டி, “மீ! மீ! ஆல்!” என்றார். அவன் ஊற்றினான். ஒரு சொட்டு விடாமல் முழுப் போத்தலையும் அவர் தலையிலேயே வாங்கிக்கொண்டார். நுரை அவர் கண்ணில் இறங்கியது. கண்ணைக் கசக்கவும் வழியில்லை, கையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

எங்களைத் தேடி வந்த கடை லாரியின் பின்னால் நின்றபடியே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

“வீட்ல சொல்லாத. திடல்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு” என்று தவுக்கே யோசனை சொன்னார். ஆனால் வாசலுக்கு நான் போகும் முன்பே வாடை போய்ச் சேர்ந்திருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றில் இருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை. தோல் விளிம்பிலிருந்து போத்தல் வரை, வேலிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“வாயில எதாச்சும் போச்சா?”

“வந்துச்சு. போவல.”

“அந்தத் தண்ணி மேல பட்டுச்சா?”

“ஒரு சொட்டு படல. தவுக்கே வாங்கிக்கிட்டாரு.”

அவள் லாரியை எட்டிப் பார்த்தாள். தவுக்கே கண் சிவந்து, தலையெல்லாம் பிசுபிசுவென்று, தப்பு செய்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வயிற்றில் இருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்: தோல், பாவ், குட்டை, போத்தல்.

“இதுல நீங்களா செஞ்சது ஒண்ணும் இல்ல” என்றாள் கடைசியில். “காவடி எடுங்க. அந்தத் துணிய மட்டும் எங்கயாச்சும் கொண்டுபோய் எரிச்சிருங்க.” உள்ளே போய் மஞ்சள் கரைத்த தண்ணீரை இரண்டு வாளியில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பினாள். ஒன்று எனக்கு. ஒன்று லாரியில் இருந்தவருக்கு.

காவடி எடுத்தேன். குகைக் கோயில் படியேறும்போதும், எத்தனை சந்தனம் பூசியும், எனக்கு மட்டும் அந்த வாடை வந்துகொண்டுதான் இருந்தது. மற்றவர்கள் இல்லை என்றார்கள். மரியாதைக்குச் சொல்லியிருப்பார்கள்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளெல்லாம் முடிந்து பிள்ளை பிறந்தது. பெண். அறையை இரண்டாக்குகிற சத்தம். தவுக்கே ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, பெருமை தாங்காமல் சொன்னார்: “நல்ல வருஷம் தம்பி. நான் பொறந்த வருஷம்தான் சுத்தி வந்திருக்கு. எங்க சீனக் கணக்குல இது பன்னி வருஷம்லா.”

எனக்கு மறுபடி அந்தக் குட்டை வாடை அடித்தது. சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பின்னால் என் மனைவி அவரிடம் சொன்னது கேட்டது:

“அப்போ இவங்க எறங்குனது சரியான எடத்துலதான் தவுக்கே.”