பட்டியலின் ஆறாவது வரி

எங்களோடு பராமரிப்புப் பயிற்சி பெற்ற ஒருத்திக்கு ‘மூடி’ என்று பெயர் வைத்திருந்தோம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மருந்துப் புட்டிகளின் மூடியைத்தான் திருகிப் பார்ப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் நூலகத்து இலவச வகுப்பில் வலைப்பக்கம் எழுதக் கற்றது பொழுதுபோக்குக்காக அல்ல.

அவள் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

“அப்பாவுக்கு ஒண்ணும் புரியலக்கா. வெள்ளிக்கிழமை முதியோர் விடுதிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்” என்றான் மகன், திங்களன்று.

“புரியுது தம்பி. சொல்லத்தான் வழியில்ல. அதுவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க.”

“கம்ப்யூட்டர வச்சா பேச வைக்கப் போறீங்க?”

“பின்ன, கரண்டிய வச்சா பேச வைக்கிறது?”

வலைப்பக்கம் அவளுக்குச் சுலபமாகப் பிடிபட்டது. கோண அடைப்புக்குள் ஒரு குறியை எழுதித் திறக்க வேண்டும். அதையே சாய்கோட்டோடு எழுதி மூட வேண்டும். கண்ணில் படுவதெல்லாம் body என்ற குறிக்குள் அடங்கும். h1 பெரிய தலைப்பு. ul பட்டியல், அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு li. வரியைத் தொட்டால் வேறு பக்கம் திறக்க a. தலைப்பில் ‘என்ன வேணும் ஐயா?’ என்று எழுதினாள். கீழே ஐந்து வரிகள்: தண்ணீர், வலி, கழிவறை, திருப்பிப் படுக்க வை, குளிருது.

முதல்முறை h1-ஐ மூட மறந்தாள். பெரியவர் இடது கையால் தொட்டுக் காட்ட வைத்திருந்த டேப்லெட் திரையில் பட்டியல் முழுவதும் பூதாகரமாக வந்து நின்றது.

“புட்டி மூடியெல்லாம் மூணு தடவ பாப்பீங்க, இத விட்டுட்டீங்களே!” என்று மகன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு மூடினாள்.

மூன்று நாளாகியும் பெரியவர் எந்த வரியையும் தொடவில்லை. விரல் பட்டியலைத் தாண்டி வெற்றிடத்தில் தட்டியது.

வியாழன் மாலை மகன் அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். அறையில் டிவி வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று காலையில் போட்டால், தூங்கும் நேரத்தில்தான் நிறுத்துவான்.

‘மூடி’ பெரியவரின் விரலையே பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே இடம், கடைசி வரிக்கு நேர் கீழே.

“கேள்வியும் நானே, பதிலும் நானேன்னு எழுதி வச்சிருக்கேன் பாருங்க” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆறாவதாக ஒரு li சேர்த்தாள்: ‘இதுல இல்ல’. அதைத் தொட்டால் திறக்க, அறையிலிருந்த பொருள்களை வைத்து இன்னொரு பக்கம் எழுதினாள்: போர்வை, ஜன்னல், விளக்கு, டிவி. அதன் அடியிலும் ‘இதுல இல்ல’.

விரல் நேராக ஆறாவது வரியில் இறங்கியது. அடுத்த பக்கத்தில், டிவி.

மகன் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினான். பெரியவர் ‘இதுல இல்ல’ மேல் இரண்டு முறை தட்டினார்.

“அணைச்சுப் பாருங்க தம்பி.”

அணைத்தான். பெரியவர் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு மகனை ஒரு முறை முறைத்தார்.

“ஐயோ, என் மார்க் ஷீட்ட பாத்து இப்படித்தான் முறைப்பாரு! மூணு மாசமா இதத்தான் சொல்லிட்டு இருந்தீங்களாப்பா?”

அங்கே நின்றபடியே விடுதிக்குப் போன் போட்டான். “நாளைக்கு வண்டி வேணாங்க. அப்பா இங்கயேதான் இருப்பாரு.”

அதற்குள் ‘மூடி’ முதல் பக்கத்தில் ‘டிவிய அணை’ என்று ஏழாவது வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

“சாய்கோடு போட்டீங்களாக்கா?”

“போட்டாச்சு. நீங்க அந்தச் சட்டையெல்லாம் எடுத்து அலமாரியில வைங்க.”